சிஸ்டமேட்டிக் ட்ரேடிங் கத்துக்க முதல்ல எந்த புக்?

ஒயிட்ஃபீல்டு_வேலு:
பெங்களூர்ல ஐடி வேலை. பைத்தான் நல்லா வரும், மார்க்கெட் புதுசு. கையில 3 லட்சம் இருக்கு. 9:15-க்கு மார்க்கெட் திறக்கிற நேரத்துலதான் எனக்கு டீம் மீட்டிங், ஸ்க்ரீனைப் பாத்துட்டு உக்கார முடியாது. ரூல் எழுதி அதுப்படி மட்டும் வாங்கி விக்கணும். நிஃப்டி 50 இண்டெக்ஸ்ல (50 பெரிய கம்பெனிகளோட பட்டியல்) இப்போ இருக்கிற பங்குகளை வச்சு 10 வருஷ பேக்டெஸ்ட் (பழைய விலைகள்ல ரூலை ஓட்டிப் பாக்குறது) பண்ணினா லாபம் கொட்டுது, நம்பிக்கையே வரல. அடிப்படையில இருந்து சொல்ற ஒரே ஒரு புக் சொல்லுங்க.

மடிவாளா_மணி:
எர்னஸ்ட் சானோட 'குவான்டிடேட்டிவ் ட்ரேடிங்'. கோடு எழுதுறவங்களுக்குத் தோதானது. 2021-ல வந்த ரெண்டாம் பதிப்புல பைத்தான் இருக்கு.

பேக்டெஸ்ட் விஷயம்: இன்னைக்கு இண்டெக்ஸ்ல இருக்கிறது எல்லாம் தப்பிப் பிழைச்ச பங்குங்க தம்பி. யெஸ் பேங்க் 2020 மார்ச்சுல நிஃப்டி 50-ஐ விட்டு வெளிய போச்சு. உங்க லிஸ்ட்ல அது இல்ல. 2017-ல நிஜமா ஓட்டியிருந்தா இருந்திருக்கும். அந்தந்த தேதியில இருந்த பட்டியலை வச்சு மறுபடி ஓட்டுங்க.

எச்எஸ்ஆர்_கோமதி:
சான் நல்ல புக்தான், ஆனா முதல் புக்கா வேண்டாம். எதை வாங்குறதுங்கிறதை விட எவ்வளவு வாங்குறதுங்கிறதுலதான் புதுசா வர்றவங்க காலி ஆகுறாங்க. அதுக்கு ராபர்ட் கார்வரோட 'லீவரேஜ்ட் ட்ரேடிங்' (2019). லீவரேஜ்னா கடன் வாங்கிப் பெருசா ஆடுறது; தலைப்பைப் பாத்துப் பயப்படாதீங்க, மனுஷன் கடனைக் கட்டுக்குள்ள வைக்கத்தான் பாடம் எடுக்கிறார். 16 நாள், 64 நாள் மூவிங் ஆவரேஜ் (கடைசி அத்தனை நாள் விலையோட சராசரி) ஒண்ணையொண்ணு வெட்டிக்கிற ஒரே ரூல்ல ஆரம்பிக்கும்.

உங்க கணக்கையே போடுவோம். வருஷத்துக்கு 12 சதவீத ஏத்த இறக்கம்தான் தாங்குவேன்னு முடிவு பண்றீங்க. நிஃப்டி 16 சதவீதம் ஆடுதுன்னு வச்சுக்கோங்க. 3 லட்சத்தை 12-ஆல பெருக்கி 16-ஆல வகுத்தா 2.25 லட்சம். நிஃப்டிபீஸ்ல (நிஃப்டி 50-ஐ அப்படியே பின்தொடர்ற ஈடிஎஃப், பங்கு மாதிரியே வாங்கி விக்கிற ஃபண்ட்) அவ்வளவுதான் போடணும், மீதி சும்மா கிடக்கட்டும். ஆட்டம் கூடினா தொகை குறையும்.

செலவு அத்தியாயத்தைத் தாண்டிடாதீங்க. பங்குகளை டெலிவரியில (அன்னைக்கே விக்காம கணக்குல வச்சுக்கிறது) வாங்க 0.1, விக்க 0.1 சதவீதம் எஸ்டிடி, அதாவது பங்கு பரிவர்த்தனை வரி. 3 லட்சத்தை ஒரு தடவை முழுசா போட்டு எடுத்தா 600 ரூபாய். மாசம் ரெண்டு தடவைன்னா வருஷத்துக்கு 14,400, அதாவது 4.8 சதவீதம் வரிக்கே. ஈடிஎஃப்ல இது பொருட்டே இல்ல. எதிர்பார்க்கிற லாபத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல செலவு போகக் கூடாதுங்கிறது கார்வர் கணக்கு.

ஸ்ப்ரெட் பெட், சிஎஃப்டி (பங்கை வாங்காம விலை ஏறுமா இறங்குமான்னு மட்டும் கட்டுறது) பக்கங்களைப் புரட்டிட்டுப் போயிடுங்க. நம்ம எக்சேஞ்சுல அதெல்லாம் கிடையாது.

ஒயிட்ஃபீல்டு_வேலு:
அக்கா, அப்போ ஃப்யூச்சர்ஸ், அதான் பின்னாடி ஒரு தேதிக்கு இப்பவே விலை பேசிக்கிற ஒப்பந்தம்?

எச்எஸ்ஆர்_கோமதி:
இண்டெக்ஸ் ஃப்யூச்சர்ஸ்ல ஒரு லாட்டோட (குறைஞ்சபட்சம் வாங்க வேண்டிய கட்டு) மதிப்பை, மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபி 2024-ல குறைஞ்சது 15 லட்சமா ஏத்திடுச்சு. உங்க 2.25 லட்சத்துக்கு எந்த மூலைக்கு? 2022-24 நிதியாண்டுகள்ல எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆடின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு செபி ஆய்வே சொல்லுது.

ஒயிட்ஃபீல்டு_வேலு:
புரிஞ்சுது. சனிக்கிழமை எம்ஜி ரோடு மெட்ரோல இறங்கி சர்ச் ஸ்ட்ரீட்ல தேடுறேன். கார்வர் முதல்ல, சான் அப்புறம்.

மடிவாளா_மணி:
சானைப் பழைய புக்கா எடுத்தா உள்ள புரட்டிப் பாத்துட்டு பில் போடுங்க. மேட்லேப்ங்கிற வேற மொழி கோடு இருந்து பைத்தான் இல்லன்னா அது முதல் பதிப்பு.