புக் செய்த பிறகு கப்பல் டிக்கெட் விலை குறைந்துவிட்டது, மிச்சப் பணத்தைக் கேட்க முடியுமா?

சிப்புட் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர்கள், கப்பலில் ஏறியதே கிடையாது. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, பூக்கெட் போய்த் திரும்பும் பயணத்துக்கு பால்கனி அறை ஆளுக்கு 2,400 மலேசிய வெள்ளி என்று ஈப்போவில் ஓர் ஏஜெண்டிடம் எடுத்தேன். முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. இப்போது அதே கப்பல், அதே தேதி, அதே அறை 1,850 என்று கம்பெனியின் இணையத்தளத்திலேயே கிடக்கிறது! ஏஜெண்டைக் கேட்டால் பாலிசி அப்படித்தான் என்கிறார். நான் ரத்து செய்தால் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்களாம், அவர்கள் விலையை இறக்கினால் மட்டும் எனக்கு ஒன்றும் இல்லையாம். முதலிலேயே நம்பிப் பணம் கட்டியவருக்கா தண்டனை? ஏதாவது வழி இருக்கிறதா?

கிள்ளான் பழைய டிக்கெட்காரன்:
தங்கச்சி, கோபம் நியாயம்தான். இதில் எல்லாமே கடைசிக் கட்டணத் தேதியை, அதாவது முழுப் பணத்தையும் கட்டி முடிக்க வேண்டிய கடைசி நாளை வைத்துத்தான் நடக்கிறது. பல கம்பெனிகளில் அது புறப்படுவதற்கு 75 அல்லது 90 நாளுக்கு முன்னால் வரும், குறுகிய பயணங்களுக்கு இன்னும் தாமதமாகவும் இருக்கலாம். அந்தத் தேதிக்கு முன் விலை இறங்கினால் பெரும்பாலும் புதிய விலைக்கு மாற்றித் தருவார்கள், ஆனால் நாம்தான் கேட்க வேண்டும், அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். தேதி தாண்டியதும் பணம் கட்டாதவர்களின் அறைகள் திரும்பி வரும், காலி அறையோடு கப்பல் போனால் அறை வாடகையும் போச்சு, உள்ளே அந்த ஆள் செலவழிக்கும் பணமும் போச்சு. அதனால் சரியாக அந்த நேரத்தில்தான் விலை விழும். அப்போது பணமாகத் திருப்பித் தருவது அரிது. ஆனாலும் கப்பலுக்குள் செலவழிக்கும் கிரெடிட்டோ, மேல் தளத்தில் நல்ல அறையோ கேட்டுப் பாருங்கள், அறைகள் காலியாக இருக்கும்போது கொடுக்கிறார்கள். ஏஜெண்ட் மூலம் எடுத்திருந்தால் கம்பெனி உங்களிடம் நேரடியாகப் பேசாது, ஏஜெண்டே எழுதிக் கேட்க வேண்டும். அவரை விடாதீர்கள்.

தைப்பிங் அண்ணன்:
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. விமான டிக்கெட்டும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது, விலை ஏறியிருந்தால் நாம் கூடுதலாகக் கட்டுவோமா? அப்புறம் அந்த 1,850ஐ நன்றாகப் பாருங்கள். துறைமுக வரியும் பணியாளர் டிப்ஸும் அதில் சேர்ந்திருக்கிறதா, அறை எண்ணைக் கம்பெனியே பிறகு முடிவு செய்யும் டிக்கெட்டா, ரத்து செய்தால் சல்லிக்காசு திரும்பாத வகையா? உங்களுக்கு இலவச வைஃபை மாதிரி ஏதாவது சேர்த்துக் கொடுத்திருந்தால் புதிய விலைக்கு மாறும்போது அது போய்விடும். மொத்தத்தைக் கூட்டினால் வித்தியாசம் பாதிகூட நிற்காமல் போகலாம்.

சிப்புட் மகள்:
அண்ணே, கூட்டிப் பார்த்துவிட்டேன், வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்தும் ஆளுக்கு 500 வெள்ளிக்கு மேல் வித்தியாசம் நிற்கிறது. விலை ஏறினால் நாம் கட்டமாட்டோம், சரி. ஆனால் முன்கூட்டி எடுத்தால்தான் மலிவு என்று விளம்பரம் போட்டது அவர்கள்தானே, அந்தப் பேச்சை நம்பித்தானே சீக்கிரம் கட்டினேன்.

ஈப்போ டீச்சர்:
அந்த விளம்பரத்தையும் இன்றைய விலையையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையம்மா. விலை இறங்கியது என்பதற்காக மட்டும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் போனால் வழக்கு நிற்பது கஷ்டம், ஏனென்றால் ஒப்புக்கொண்ட விலைக்கு ஒப்புக்கொண்ட அறை கிடைக்கிறது. ஆனால் விலை குறைந்தால் ஈடு செய்வோம் என்று ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் எங்கேயாவது எழுதியிருந்தால் கதையே வேறு. மனு போட 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் விசாரிப்பார்கள். பழைய மெசேஜ்களை முதலிலிருந்து படி.

சிப்புட் மகள்:
நன்றி டீச்சர், தேடுகிறேன். கிள்ளான் அண்ணே, கிரெடிட்டா பெரிய அறையா, எதை முதலில் கேட்பது?

கிள்ளான் பழைய டிக்கெட்காரன்:
கிரெடிட். கம்பெனி சொல்லும் பதில் எதுவானாலும் இமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.