ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது, செக்டிஸ்க் போடலாமா?

உப்புவெளியான்:
அக்காவின் கல்யாணப் படங்கள் முழுக்க பழைய 1 டிபி டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. போன கிழமை கரண்ட் போய் வந்ததிலிருந்து, தாலி கட்டும் ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் பச்சைக் கோடு பாதியில் நின்றுவிடுகிறது, மெல்ல டிக் டிக் சத்தம் வேறு. விண்டோஸில் டிஸ்க் பழுதைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க்கை ஓடவிடவா?

உவர்மலை:
தம்பி, இப்போதைக்கு வேண்டாம். செக்டிஸ்க்கை /ஆர் என்ற தெரிவோடு போட்டால் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் வாசிக்கும். சாகக் கிடப்பதை ஓடவிட்ட மாதிரி. முதலில், திறக்கிற ஃபோல்டர்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றும். அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ செயலியில் 05, சி5 வரிகளைப் பாரும். 05 என்பது பழுதாகி, மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள். சி5 வாசிக்க முடியாமல் காத்திருப்பவை.

லிங்கநகர்:
சி7ஐயும் பாருங்கள். அது ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு.

உப்புவெளியான்:
05, சி7 இரண்டும் பூச்சியம். சி5 மட்டும் 18, மஞ்சள்.

உவர்மலை:
அது பதினாறடிமானக் கணக்கு, பத்துக்குப் பதில் பதினாறாக எண்ணுவது. 18 என்றால் உண்மையில் 16 + 8 = 24. கேபிள் இல்லை, டிஸ்க்தான். மிச்சத்துக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ போடும், பழுதான டிஸ்க்கிலிருந்து முடிந்ததைப் பிரதி எடுக்கும் கருவி அது.

உப்புவெளியான்:
3 படம் தவிர எல்லாம் வந்துவிட்டது, அண்ணை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.