மீன் பெட்டியில் குத்தரிசி, கொண்டைக்கடலை அவிக்கலாமா?

உப்புவெளி:
மீன் ஏத்திற ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்று சும்மா கிடக்குது. கொதித்த பானையை அதுக்குள்ள மூடிவைத்து காஸை மிச்சம் பிடிக்கலாமா?

கிண்ணியா:
பிடிக்கலாம். ஆனால் சுடுபானை நேரே பட்டால் ரெஜிபோம் இளகிக் குழி விழும். அடியில் பலகை, சுற்றிவரப் பழைய சாரம் (லுங்கி), மேலே தலையணை. இடைவெளி விடாமல் அடையுங்கோ. 1 சுண்டு குத்தரிசிக்கு 2 சுண்டுத் தண்ணி போதும், ஆவி போகாது. மூடியோடு 10 நிமிடம் கொதிக்கவிட்டு, திறக்காமல் உள்ளே வையுங்கோ. ஒரு மணித்தியாலத்தில் சோறு பதம். கடலையை இரவே ஊறவைத்து, 20 நிமிடம் கொதித்தபின் 3, 4 மணித்தியாலம் விடவேணும். பானை முக்கால்வாசி நிறையாட்டி கெதியாய் ஆறிடும்.

பெட்டியை முதல் நல்லாக் கழுவிக் காயவையுங்கோ. இல்லாட்டி சோறும் மீன் மணக்கும்!

உப்புவெளி:
இரவு வைத்து காலையில் எடுக்கலாமா?

நிலாவெளி:
வேண்டாம். 60 பாகை செல்சியஸுக்குக் கீழ் இறங்கினால் கிருமி பெருகும், சோற்றில் முக்கியமாக. இடையில் திறந்து பார்த்தால் திரும்பக் கொதிக்கவைக்கவேணும். தேங்காய்ப்பாலைக் கடைசியாய், அடுப்பில் விடுங்கோ. ராஜ்மா என்றால் ஊறின தண்ணியை ஊத்திப்போட்டு, புதுத்தண்ணியில் குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவேணும். அதிலுள்ள நச்சுப் புரதம் பெட்டிச் சூட்டில் மட்டும் அழியாது.