கஸ்பா வீட்டுச் சொந்தங்கள்: காதுகுத்துக்கு எப்படி வருவது?

விஜி: ஞாயிறு 9 - 10.30 முகூர்த்தம். சத்துவாச்சாரி மண்டபம். யார் யார் எதில் வருகிறீர்கள் என்று இன்றைக்குள் சொல்லுங்கள். வேன்காரர் கேட்கிறார்.

கலா அத்தை: ரயிலில்தான். வேலூர் என்று போட்டால் கன்டோன்மென்ட் என்று காட்டுகிறதே, அதற்கே போடட்டுமா

பிரியா: அத்தை வேண்டாம்!! காட்பாடி

கலா அத்தை: வேலூருக்குத்தானே வருகிறேன்

ரகு சித்தப்பா: அக்கா, பொறுமையாகப் படிக்கவும். வேலூருக்குப் பெரிய ஸ்டேஷன் காட்பாடி ஜங்ஷன்தான். கோவை எக்ஸ்பிரஸ், பிருந்தாவன், லால்பாக் எல்லாம் நிற்பது அங்கேதான். கன்டோன்மென்ட் என்பது காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம் போகிற பாதையில் இருக்கிறது. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து சாயங்காலம் கிளம்பி கன்டோன்மென்ட்டோடு நின்றுகொண்டிருந்த ரயிலை 2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலை வரை விட்டிருக்கிறார்கள். அதில் தூங்கிவிட்டால் கிரிவலம்தான். சென்ட்ரலில் விடியற்காலை கோவை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் முகூர்த்தத்துக்கு வந்துவிடலாம். பிருந்தாவன் என்றால் மொய் எழுதத்தான் நேரம் இருக்கும். காட்பாடியில் வெளியே வந்ததும் பாகாயம் போகிற 1 அல்லது 2 டவுன் பஸ். கிரீன் சர்க்கிளில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. பஸ்ஸில் வருவதென்றால் கோயம்பேட்டிலேயே ஏறவும். பூந்தமல்லியில் நின்றால் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது. புது பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வர வேண்டாம், சென்னைப் பக்கத்திலிருந்து வரும்போது சத்துவாச்சாரிதான் முதலில் வரும். கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பிங் என்று ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடவும். இல்லையென்றால் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்காமல் மேலேயே போய்விடுவான்.

கலா அத்தை: 👍

கலா அத்தை: கடைசியில் ரயிலா பஸ்ஸா

பிரியா: 😂😂

கார்த்தி: நான் விமானத்தில் அப்துல்லாபுரத்தில் இறங்குகிறேன்

பிரியா: ஓடுபாதை இருக்கிறது. விமானத்தை நீ கொண்டு வா

விஜி: விளையாடாதீர்கள். செந்தில் அண்ணா எங்கே? தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது

செந்தில் (கோவை): பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்

ரகு சித்தப்பா: செந்தில், சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் காட்பாடி. முன்பதிவு இப்போது 60 நாள்தான் என்பதால் எப்போதோ தீர்ந்திருக்கும். தட்கல் பார்க்கவும். ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. முந்தின நாள் காலை.

செந்தில் (கோவை): வந்து இறங்கினால் அழைக்க ஆள் வருமா, வளைகாப்பு மாதிரியா?

கலா அத்தை: ஆரம்பிச்சாச்சு

ரகு சித்தப்பா: அன்றைக்கு பாலாற்றுப் பாலத்தில் டிராபிக். எத்தனை முறை சொல்வது.

செந்தில் (கோவை): விடியற்காலை 4 மணிக்கு டிராபிக். சரி.

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செந்தில் (கோவை): படித்துவிட்டேன் கார்த்தி

விஜி: அண்ணா, இந்த முறை சித்தப்பாவே வருவார். நான் பொறுப்பு

செந்தில் (கோவை): காரிலேயே வருகிறேன் விஜி. சேலம், கிருஷ்ணகிரி வழி. சீர்த்தட்டு, வெள்ளிக் கொலுசு எல்லாம் ரயிலில் எப்படி

பிரியா: அண்ணா ஆம்பூர் வழியாகத்தானே வருவீர்கள்? 🙏🙏

கலா அத்தை: காதுகுத்து அன்றைக்குப் பிரியாணி கேட்கிறாளே இவள்

பிரியா: மறுநாளைக்கு அத்தை!

கார்த்தி: அத்தை, நீங்கள் பஸ்ஸில் வந்தால் ஆற்காட்டில் மக்கன் பேடா

கலா அத்தை: பஸ்ஸை நிறுத்தி வைத்து வாங்கவா? விஜி, பந்தியில் கத்தரிக்காய் உண்டா

விஜி: எண்ணெய்க் கத்தரிக்காய் சொல்லியாச்சு. முள்ளு கத்தரிக்காய்தான்

ரகு சித்தப்பா: இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சமையல்காரரிடம் காம்பை முழுதாக வெட்டிவிடாமல்

பிரியா: சித்தப்பா நாங்கள் எப்படி வருவது? லால்பாக்?

ரகு சித்தப்பா: வேண்டாம். அது பெங்களூரிலேயே காலையில்தான் கிளம்புகிறது. நீங்கள் காட்பாடியில் இறங்கிப் பாலம் தாண்டி வருவதற்குள் குழந்தை அழுது ஓய்ந்திருக்கும். சனிக்கிழமை மதியம் பிருந்தாவனில் வந்து இங்கே தங்கவும்.

பிரியா: இங்கே என்றால்? போன தடவை மாதிரி மொட்டைமாடியா

ரகு சித்தப்பா: காற்றோட்டம்

கலா அத்தை: நான் பஸ்ஸிலேயே வருகிறேன். காட்பாடியில் படி ஏறி இறங்க முழங்கால் கேட்காது

விஜி: அப்படியென்றால் காட்பாடிக்கு வேன் யாருக்கு?

கார்த்தி: நான் ரயில்

விஜி: உனக்கு 1-ஆம் நம்பர் பஸ்

கார்த்தி: பெண்களுக்குத்தான் அதில் டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு

செந்தில் (கோவை): விஜி, கார் சர்வீஸில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுப்பதாகச் சொல்கிறான். எதற்கும் தட்கலும் பார்க்கிறேன்

கலா அத்தை: பார்த்தாயா

விஜி: சித்தப்பா, வேன்காரர் மறுபடி கூப்பிடுகிறார். 12 சீட்டா, 18 சீட்டா?

ரகு சித்தப்பா: டைப் செய்கிறேன்