மறு: தீனித்தட்டைச் சுற்றிக் கட்டும் கம்பிவலைக்கு என்ன பெயர்?

> ‘பறவை விரட்டி’ என்றே வைத்துவிடலாமே, தம்பி? வயலில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே.

வணக்கம் அண்ணா,

விக்சனரி என்னும் இணைய அகராதியில் சேர்க்க, பறவைத் தீனித்தட்டைச் சுற்றிக் கட்டும் கம்பிவலைக்குத்தானே பெயர் தேடுகிறோம். ‘பறவை விரட்டி’ வயலில் புழங்குவதால்தான் அது வேண்டாம் என்கிறேன். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல் பால்பிடிக்கும்போது கட்டுகிற பளபளப்பு நாடாவும் தகர டப்பாவும் விரட்டிதான். அவை எல்லாப் பறவையையும் துரத்தும். நமக்கு வேண்டியது அதுவல்ல. சிட்டுக்குருவியும் சில்லை என்னும் சிறு பறவையும் உள்ளே போய்த் தினை கொத்த வேண்டும். மாடப்புறாவும் மைனாவும் காகமும் வெளியே நிற்க வேண்டும்.

> புறாத்தடுப்பு? காக்கைத்தடை?

பெயரில் பறவையே வரக்கூடாது என்பது என் கருத்து. எது வேண்டாத பறவை என்பது ஊருக்கு ஊர் மாறும். 1850களில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுபோய் விட்ட சிட்டுக்குருவி அமெரிக்கா முழுக்கப் பரவி, அங்குள்ள பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. அங்கே குருவி வராமலிருக்கத் தீனித்தட்டைச் சுற்றி மெல்லிய கம்பிகளைத் தொங்கவிடுகிறார்கள். நாமோ மார்ச் 20ஐக் குருவி நாளாகக் கொண்டாடுகிறோம். தவிர, அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு, அதே காகத்தை வேண்டாதது என்று அகராதியில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

> கண்ணிக்கூண்டு?

தயவுசெய்து வேண்டாம். கண்ணி என்றதும் கௌதாரிக்கு வைக்கிற கண்ணிதான் நினைவுக்கு வரும்.

சரி, அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வெல்டு மெஷ் கம்பிவலைதான், அதன் கண் (துளை) ஒன்றரை அங்குலம். குருவி 30 கிராம்கூட இருக்காது, சுலபமாக நுழைந்துவிடும். மைனா 100 கிராமுக்கு மேல்; புறா அதைப்போல் மூன்று மடங்கு. வலைக்கும் தீனிக்கும் நடுவே நாலைந்து அங்குலம் விட வேண்டும், இல்லாவிட்டால் காகம் அலகை நீட்டி எடுத்துவிடும். மிரட்டலே இல்லை, உடம்பின் அளவை வைத்துப் பிரிக்கிறது, அவ்வளவுதான். அளவு பார்த்துப் பிரிப்பதற்கு நம் அடுக்களையில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: சல்லடைக்கூண்டு.

‘இரைச்சல்லடை’ என்று சுருக்கினால் கண் அதை ‘இரைச்சல்’ என்று படிக்கும். அதனால் அது ஆகாது.

இன்னொன்று. கேரளத்தின் புதுநெல் விழாவான நிறைபுத்தரிக்கு இங்கே வீட்டு முகப்பில் கட்டும் நெற்கதிர்க் குலையில் குருவி தலைகீழாகத் தொங்கித் தின்னும், புறாவால் அப்படித் தொத்த முடியாது. அது வேறு வழி என்பதால் அதற்குக் ‘கதிர்க்குலை’ என்ற பழைய பெயரே இருக்கட்டும். மலையாளத்திலும் அதே சொல்தான்.

விக்சனரிக்கான விளக்கம்: ‘சிறு பறவைகள் மட்டும் நுழையும்படி, ஒன்றரை அங்குலக் கண் உள்ள கம்பிவலையால் தீனித்தட்டைச் சுற்றி அமைக்கும் தடுப்பு.’ கீழே சிந்துகிற தினைதான் புறாவைக் கூப்பிடுகிறது. அதனால் அடியில் ஒரு தட்டு கட்டி அன்றன்றே கழுவ வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்க்கலாமா?

---

> சல்லடைக்கூண்டு

சல்லடை நன்றாக இருக்கிறது, தம்பி. கூண்டுதான் இடிக்கிறது, கூண்டு என்றால் கிளியை அடைத்து வைப்பதுதான் தோன்றும். இங்கே பறவை தானாக வந்து தானாகப் போகிறது. ‘சல்லடைவேலி’ என்றால் என் சம்மதம். விளக்கத்தில் அங்குலக் கணக்கு வேண்டாம், சில்லை மட்டும் வருகிற இடத்தில் இன்னும் சிறிய கண்ணே போதும். தட்டு கழுவும் குறிப்பைக் கட்டாயம் சேர்க்கவும்.