கிராஃப்ட் பீர்: 330 டின், 440 டின், போத்தல், பேரல் – சின்ன டவுன் கடைக்கு எது கட்டும்?

சிப்புட்_கடை

வணக்கம். கடை மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில். சாப்பாட்டுக் கடை, பீர் லைசன்ஸ் உண்டு. உட்கார்ந்து குடிப்பவர்களும் வருவார்கள், வாங்கிக்கொண்டு போகிறவர்களும் வருவார்கள். ஓடுவதெல்லாம் பெரிய கம்பெனிகளின் பெரிய போத்தலும் 320 மில்லி டின்னும்தான். ஈப்போ, கோலாலம்பூர் பக்கம் வேலை செய்யும் பிள்ளைகள் சனி ஞாயிறு வீட்டுக்கு வரும்போது, சின்ன பீர் ஆலைகள் செய்யும் கிராஃப்ட் பீர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

சப்ளையர் நான்கு வகையில் தருகிறார்: 330 மில்லி டின், 440 மில்லி டின், 330 மில்லி போத்தல், 20 லிட்டர் பேரல். எல்லாம் இறக்குமதிச் சரக்கு. 6.5% ஆல்கஹால் உள்ள ஐபிஏ (ஹாப் என்ற கசப்புப் பூ நிறையச் சேர்த்த பீர்) ஒன்றை 330 டின்னில் 16 வெள்ளிக்கும் (ரிங்கிட்), அதையே 440 டின்னில் 22 வெள்ளிக்கும் விற்கச் சொல்கிறார். பேரல் எடுத்தால் ஊற்றுகிற மெஷினை இலவசமாக வைத்துத் தருவாராம்.

இந்த விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எது ஓடும், எது தங்கும்? கடையில் இரண்டு கதவு சில்லர் ஒன்று இருக்கிறது. பின்னால் ஸ்டோர், தகரக் கூரை.

கணக்கப்பிள்ளை_பேராக்

அண்ணே, முதலில் வரியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பாருங்கள். மலேசியாவில் பீருக்குக் கலால் வரி டின்னுக்கு இவ்வளவு, போத்தலுக்கு இவ்வளவு என்று கிடையாது. உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹாலுக்குத்தான். 2016 மார்ச்சிலிருந்து ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 175 வெள்ளி, 2025 நவம்பர் 1 முதல் பத்து சதவீதம் ஏறி 192.50 வெள்ளி. மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுங்கள், வந்ததை 0.1925-ஆல் பெருக்குங்கள், வரி வெள்ளியில் வந்துவிடும்.

நீங்கள் இப்போது விற்கும் 320 மில்லி, 5% டின்னில் ஆல்கஹால் 16 மில்லி. வரி 3.08 வெள்ளி. அந்த ஐபிஏ 330 டின்னில் 21.45 மில்லி, வரி 4.13. 440 டின்னில் 28.6 மில்லி, வரி 5.51. இறக்குமதி என்றால் பொது வீதப்படி லிட்டருக்கு இன்னும் 5 வெள்ளி, அதாவது 330-க்கு 1.65, 440-க்கு 2.20. ஆக பெரிய டின்னில் மட்டும் 7.71 வெள்ளி சுங்கத்துக்கே போய்விடுகிறது. விற்பனை வரி 10%, கப்பல், லோரி, சப்ளையர் லாபம், உங்கள் லாபம் எல்லாம் இதற்கு மேல்.

இப்போது கவனியுங்கள். நூறு மில்லிக்குப் பார்த்தால் இரண்டு டின்னுக்கும் வரி ஒன்றுதான், 1.75 வெள்ளி. டின், மூடி, லேபிள், அடைக்கிற கூலி எல்லாம் டின் ஒன்றுக்கு ஒரு தடவைதான். அப்படியென்றால் பெரிய டின் நூறு மில்லிக்கு மலிவாக வரவேண்டும். உங்கள் சப்ளையர் சொல்வது தலைகீழாக இருக்கிறது: 16 வெள்ளி டின் நூறு மில்லிக்கு 4.85, 22 வெள்ளி டின் 5.00. சின்ன டின் கணக்கிலேயே போட்டால்கூடப் பெரியது 21.30 தாண்டக் கூடாது. உங்களுக்குக் கொடுக்கும் விலையிலும் இதே கணக்கைப் போட்டுப் பேசுங்கள்.

இதைச் சப்ளையரின் தந்திரம் என்று மட்டும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 355 மில்லி ஆறு டின் கட்டுக்குப் பதிலாக 473 மில்லி நாலு டின் கட்டு பரவியபோதும் இப்படித்தான். ஆறு சின்னது 2,130 மில்லி, நாலு பெரியது 1,892 மில்லி. பெரிய டின்னைக் கையில் பிடித்ததும் நிறைய வாங்கியதுபோல இருக்கும், விலைச்சீட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

சின்ன ப்ரூவரியின் (பீர் ஆலையின்) டின் விலை கூடுவதற்கு வேறு காரணமும் உண்டு. அச்சடித்த டின்னைத் தொழிற்சாலை மொத்தமாகத்தான் தரும். அமெரிக்காவில் டின் செய்யும் பால் (Ball) கம்பெனி 2022-இல் ஒரு டிசைனுக்குக் குறைந்தபட்ச ஆர்டரை ஒரு லோரியிலிருந்து ஐந்து லோரியாக ஏற்றியது. ஐந்து லோரி என்றால் கிட்டத்தட்ட பத்து லட்சம் டின், சின்ன ஆள் எங்கே போவான்? அதனால் வெற்று டின் வாங்கி லேபிள் ஒட்டுவார்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் உறை சுருக்கிப் போடுவார்கள். அந்தச் செலவும் நீங்கள் கொடுக்கும் விலையில்தான் இருக்கிறது.

போத்தலுக்கு எடைதான் எதிரி. 330 மில்லி கண்ணாடிப் போத்தல் காலியாகவே ஏறத்தாழ 200 கிராம் இருக்கும், டின் 13 கிராம்தான். 24 போட்ட பெட்டி, டின்னில் எட்டரைக் கிலோவுக்குள், போத்தலில் 13 கிலோ பக்கம். கப்பலிலும் லோரியிலும் கண்ணாடிக்குத்தான் வாடகை கட்டுகிறீர்கள். பெரிய கம்பெனியின் பெரிய போத்தல் திரும்பப் போய்க் கழுவி மறுபடி நிரப்பப்படுகிறது, அதனால் அங்கே கணக்கு வேறு. இறக்குமதிக் கிராஃப்ட் போத்தல் திரும்பிப் போகாது.

ஹாப்_வாசம்

விலையை அண்ணன் பிரித்துவிட்டார். எனக்கு உங்கள் கேள்வியில் கண்ணில் பட்டது கடைசி இரண்டு சொல்: தகரக் கூரை.

ப்ரூவரிக்காரர்களிடம் 3-30-300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள் வைத்தால் பீர் எவ்வளவு பழசாகுமோ, 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் வைத்தால் அவ்வளவு பழசாகும். துல்லியமான விதி இல்லை, ஆனால் போக்கு சரி. உங்கள் ஸ்டோர் மத்தியானம் 35 டிகிரியைத் தாண்டும். பெரிய கம்பெனி லாகர் (நீங்கள் இப்போது விற்கும் வகை) பாஸ்டுரைஸ் செய்தது, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கியது, ஹாப் குறைவு, அது தாங்கிக்கொள்ளும். ஐபிஏ தாங்காது. முதலில் பழ வாசனை போகும், அப்புறம் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, அதோடு ஒரு தேன் இனிப்பு. வாடிக்கையாளர் ஒரு தடவை அதைக் குடித்துவிட்டால் 'கிராஃப்ட் பீர்னா இவ்வளவுதானா' என்று பழைய டின்னுக்கே திரும்பிவிடுவார்.

ஆகவே சில்லரில் எத்தனை நிற்குமோ அத்தனைதான் வாங்கவேண்டும், ஸ்டோருக்கு ஒன்றும் போகக்கூடாது. சப்ளையர் எப்படிக் கொண்டுவருகிறார் என்றும் கேளுங்கள். துறைமுகத்திலிருந்து உங்கள் வாசல் வரை சாதாரண லோரி என்றால் 'குளிர்ச் சங்கிலி' என்று அவர் பேசுவதற்கு அர்த்தமில்லை.

டின், போத்தல் இரண்டில் உங்கள் வெயிலுக்கு டின்தான். ஹாப்பின் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் கந்தக வாசனையுள்ள ஒரு பொருள் உண்டாகிறது. கெட்டுப்போன பீரில் வரும் அந்த ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் ஒரு விலங்கு) நாற்றம் இதனால்தான். பச்சைப் போத்தலும் வெள்ளைப் போத்தலும் அதைத் தடுப்பதில்லை. பழுப்புப் போத்தல் பெரும்பாலும் தடுக்கும். டின்னுக்குள் வெளிச்சமே போகாது. சில்லரில் இருக்கிற டியூப் லைட்டும் வெளிச்சம்தான், மறக்காதீர்கள். போத்தல் மூடியின் ரப்பர் வழியாகக் காற்று மெல்ல நுழையும், நன்றாக மடித்த டின் விளிம்பு வழியாக நுழையாது.

'டின்னில் இரும்பு வாசம் அடிக்கும்' என்று பெரியவர்கள் சொன்னால் கிளாஸில் ஊற்றிக் கொடுங்கள். டின் உட்புறம் முழுக்கப் பூச்சு இருக்கிறது, பீர் உலோகத்தைத் தொடுவதில்லை. உதடு விளிம்பில் படும்போது வருகிற வாசம் அது.

சரக்கு இறங்கும்போது மூன்று இடம் பாருங்கள். விளிம்பில் நசுங்கல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள், கசிவு அங்கேதான் தொடங்கும். உடம்பில் லேசான நசுங்கல் பரவாயில்லை. டின்னைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள்: குழிந்திருக்கவேண்டியது வெளியே பிதுங்கியிருந்தால் உள்ளே மறுபடி நொதிக்கிறது. பழக்கூழ் சேர்த்த புளிப்புப் பீரில் இது சகஜம், மிச்சச் சர்க்கரையை வெப்பத்தில் ஈஸ்ட் தின்னத் தொடங்கும். டின் தாங்குவது 90 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவு, அதைத் தாண்டினால் வெடிக்கும். அந்த வகைப் பீரைச் சில்லருக்கு வெளியே ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள். மூன்றாவது, லேபிள். காகித லேபிள் சில்லர் ஈரத்தில் உரிந்துவிடும், உரிந்த டின்னுக்கு 16 வெள்ளி யாரும் கொடுக்கமாட்டார்கள்.

தோட்டத்து_மேசை

கணக்கு எல்லாம் சரிங்க. ஆனா நம்ம டவுன்ல பீர் எப்படிக் குடிக்கிறாங்கன்னு பாருங்க லா. மேசைக்கு ஒரு பெரிய போத்தல், மூணு கிளாஸ், ஐஸ். ஒருத்தர் ஊத்துவார், எல்லாரும் குடிப்பாங்க, அடுத்த போத்தலுக்கு அடுத்தவர் காசு. டின் கிராஃப்ட் பீர் அந்த மேசைக்குப் போகாது. 440 மில்லிய மூணு பேரு பங்கு போட்டா ஆளுக்கு ரெண்டு முழுங்கு, ஐஸ் போட்டா ருசியும் போச்சு. அந்த மேசைய மாத்தணும்னு நினைக்காதீங்க, அது உங்க சோறு.

கிராஃப்ட் வாங்கறது தனி ஆளு. வார இறுதிக்கு வர்ற பையன், பொண்ணு, ஒண்ணோ ரெண்டோ வாங்கி வீட்டுக்குக் கொண்டு போவாங்க. 'எப்படி இருக்குன்னு பாப்போம்'னு வாங்குறவங்களுக்கு 16 வெள்ளியே யோசனை, 22 வெள்ளின்னா டின்ன எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப வச்சிடுவாங்க. அதனால 330 டின், தனித்தனியா. நாலு கட்டு, ஆறு கட்டு வேண்டாம். தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி மட்டும் நாலு வகை கலந்து ஒரு பெட்டி போடுங்க, அன்பளிப்பா வாங்குவாங்க.

ஆர்டர் தேதியும் முக்கியம். 1955 வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள வந்தாகணும். தோட்டம், ஃபேக்டரி ரெண்டு பக்கமும் காசு புழங்குறது அந்த வாரம்தான். சரக்கு 5-ஆம் தேதி சில்லர்ல இருக்கணும். 20-க்கு மேல வாங்கிப் போட்டா அடுத்த சம்பளம் வரைக்கும் தூங்கும்.

காலி டின்னும் வீணாப் போகாது. 75 டின் சேர்ந்தா ஏறக்குறைய ஒரு கிலோ அலுமினியம், பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்குவார். கிராஃப்ட் போத்தல யாரும் எடுக்கமாட்டாங்க, உடைஞ்சா கூட்டுறதும் நீங்கதான்.

சிப்புட்_கடை

மூவருக்கும் நன்றி. 330 டின் என்று முடிவாகிவிட்டது. பேரல் பற்றி யாரும் சொல்லவில்லையே? லிட்டர் கணக்கில் அதுதான் மலிவாகத் தெரிகிறது, மெஷினும் இலவசம். இன்னொன்று, டின் அடியில் இருக்கும் தேதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எப்படிப் படிப்பது?

ஹாப்_வாசம்

பேரலில் லிட்டர் விலை குறைவுதான், கடைசிக் கிளாஸ் வரை விற்றால். 20 லிட்டரில் 330 மில்லி கிளாஸ் காகிதக் கணக்குப்படி 60. நுரை, குழாயில் நிற்பது, முதல் இழுப்பு எல்லாம் போக 54, 55 வரும். கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில், குளிரில் இருந்தால் ஐபிஏவை இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிப்பது நல்லது. உங்களுக்குக் கேட்பவர்கள் வார இறுதியில்தான் வருகிறார்கள். இரண்டு வார இறுதியில் 55 கிளாஸ், அதாவது ஒரு வார இறுதிக்கு 27. ஒரே ஒரு வகைப் பீரில். அது நடக்குமா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும், எனக்கு நம்பிக்கையில்லை.

இலவச மெஷின் எந்த மாதிரி என்று கேளுங்கள். மேசைமேல் வைக்கிற சின்ன மெஷின் குழாயில் வரும்போதுதான் பீரைக் குளிர்விக்கும், பேரல் கீழே அறை வெப்பத்தில் நிற்கும். பாஸ்டுரைஸ் செய்த பெரிய கம்பெனி பேரலுக்கு அது போதும். பாஸ்டுரைஸ் செய்யாத ஐபிஏ அங்கே நிற்கிற ஒவ்வொரு நாளும் தகரக் கூரைக்குக் கீழே நிற்பதுபோலத்தான். பேரலையே உள்ளே வைக்கிற குளிர்ப்பெட்டி தந்தால் பேசலாம். 3 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்தால் நுரை அடங்கும். பேரல் சூடாக இருந்தால் அழுத்தத்தை எவ்வளவு திருகினாலும் பாதி நுரைதான் வரும்.

குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசல் விட்டுக் கால் மணி நேரம் சுற்றவிட்டு அலசவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலமும். இதை யார் செய்வது, கரைசல் காசு யாருடையது என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அது உங்கள் தலையில்தான் விழும். அந்தக் குழாயில் வேறு பீர் ஊற்றக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்கப்பிள்ளை_பேராக்

தேதி பற்றி. 'அடைத்த தேதி'யா, 'இதற்குள் குடிக்கவும்' தேதியா என்று முதலில் பிரியுங்கள். கடைசித் தேதி மட்டும் இருந்தால் ப்ரூவரி எத்தனை மாதம் கொடுக்கிறது என்று சப்ளையரிடம் எழுதி வாங்கி, அதைப் பின்னோக்கிக் கழியுங்கள். ஐபிஏவுக்கு அடைத்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் முழு விலைக்கு எடுக்காதீர்கள்.

அமெரிக்கச் சரக்கில் மாதம் முன்னால் வரும். 04/08/25 என்றால் நமக்கு ஆகஸ்ட் 4, அவர்களுக்கு ஏப்ரல் 8. நாலு மாத வித்தியாசம், ஐபிஏவுக்கு அது ஆயுசு. சிலர் தேதியே போடமாட்டார்கள், 5216 மாதிரி எண் இருக்கும். முதல் இலக்கம் வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள். 2025-இன் 216-ஆவது நாள், அதாவது ஆகஸ்ட் 4. எல்லாரும் இதே முறையில் போடுவதில்லை, அதனால் முதல் பெட்டிக்கு ஒருதடவை சப்ளையரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் பழைய தேதிமேல் ஒட்டியிருந்தால் நகத்தால் தூக்கிப் பாருங்கள்.

முதல் ஆர்டருக்கு இரண்டு பெட்டி, 48 டின் போதும். ஒரு பெட்டி 4.5–5% பேல் ஏல் (ஐபிஏவைவிட மிதமான பீர் வகை), ஒரு பெட்டி அந்த ஐபிஏ. 330 மில்லி, 4.5% என்றால் கலால் 2.86 வெள்ளிதான், ஐபிஏவைவிட 1.27 குறைவு. விலையை 13 பக்கம் வைக்க இடம் கிடைக்கும். ஹாப்பும் குறைவு, சில்லரில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். முதலில் அதுதான் தீரும் என்று நினைக்கிறேன். 21 வயது அறிவிப்பு சில்லர் பக்கம் தெரிகிற மாதிரி இருக்கட்டும், புதுச் சரக்குக்கு வருகிறவர்கள் இளவயதுக்காரர்கள்தான்.