யூ-505: ராசியில்லாத நீர்மூழ்கியா, கள்ள வெல்டிங்கா?

நிலாவாசகன்:
அடுத்த மாதம் சிகாகோவில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் நீர்மூழ்கி யூ-505 இருக்கிறதாம். அதைப் பற்றித் தேடினால் 'ராசியில்லாத கப்பல்' என்றேதான் எழுதுகிறார்கள். 1942 ஜூலையில் ரோமார் என்ற சின்ன கொலம்பியப் பாய்மரக் கப்பலை மூழ்கடித்தார்களாம், அன்றைக்குப் பிடித்த சனியாம். ஒரு கேப்டனுக்குக் குடல்வால் நோவு, அடுத்தவர் தற்கொலை, கடைசியில் கப்பலே அமெரிக்கர் கையில். இதில் எவ்வளவு உண்மை?

பழைய சீஃப்:
தம்பி, நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். ராசிப் பேச்சு எனக்கு ஆகாது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஹாம்பர்கில் கட்டி, 1941 ஆகஸ்டில் சேவைக்கு வந்த நெடுந்தூர வகைப் படகு அது. முதல் கேப்டன் லோவே மேற்கு ஆப்பிரிக்கப் பக்கமும் கரீபியனிலுமாக 7 கப்பல்களை மூழ்கடித்தார். குடல்வால் நோவால் அவர் இறங்க, செப்டம்பர் 1942-இல் செக் என்பவர் வந்தார். அவர் மூழ்கடித்தது ஒன்றே ஒன்று. அது நடந்த மூன்றாம் நாள், நவம்பர் 10, டிரினிடாட் அருகே பிரிட்டிஷ் ஹட்சன் விமானம் மிகத் தாழப் பறந்து வந்து குண்டு போட்டது. அந்த வெடிப்பில் விமானமே நொறுங்கி விழுந்தது. படகின் மேல்தளம் கிழிந்து பீரங்கி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. படகைக் கைவிடச் சொன்னார் கேப்டன். இன்ஜின் ஆட்கள் கேட்கவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வாரம் நடுக்கடலில் ஒட்டுப்போட்டுத் தண்ணீர் புகாதபடி செய்து, பிரான்ஸில் லோரியன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதை ராசியில்லை என்றால் அந்த இன்ஜின் ஆட்களுக்கு என்ன மரியாதை?

அதன்பின் லோரியனில் ஆறு மாதப் பழுதுவேலை. வேலை செய்தவர்கள் யார்? ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நாட்டின் பிரெஞ்சுத் தொழிலாளர்கள். அவர்களில், வேண்டுமென்றே வேலையைக் கெடுத்த எதிர்ப்பு இயக்கத்து ஆட்களும் உண்டு. 1943 கோடையில் படகு கிளம்பும், சில நாளில் ஏதாவது ஒன்று பழுதாகும், திரும்பும். இப்படியே பலமுறை. டிரை டாக்கிலிருந்து (தண்ணீரை வற்றவைத்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) வெளியே வந்த கப்பலில் முதல் வாரம் எந்த இன்ஜினியரும் நிம்மதியாகத் தூங்க மாட்டான். எதிரியே வெல்டிங் வைத்த கப்பலென்றால் கேட்கவே வேண்டாம்! நீர்மூழ்கியில் ஒரு மோசமான வெல்டிங் போதும், ஆழத்தில் அழுத்தம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

போய்ப்போய்த் திரும்பியதில் மற்ற படகுக்காரர்களின் கேலி வேறு. 1943 அக்டோபர் 24 அன்று டெப்த் சார்ஜ் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டு) தாக்குதலுக்கு நடுவே, ஆட்கள் பார்க்க, செக் தன்னைச் சுட்டுக்கொண்டார். துணை அதிகாரி மேயர்தான் தாக்குதலிலிருந்து தப்பிப் படகைக் கரை சேர்த்தார்.

கருவூர்க்காரன்:
ராசியில்லாததா? ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் கிட்டத்தட்ட 30,000 பேர் திரும்பவில்லை. இதில் பிடிபட்ட அன்று இருந்த 59 பேரில் இறந்தது ஒருவர். எனக்குத் தெரிந்து அதிர்ஷ்டக்கார படகு இதுதான் 😀

நிலாவாசகன்:
அது சரி! ஆனால் பிடித்தது எப்படி? சுலபமாக மூழ்கடித்திருக்கலாமே?

பழைய சீஃப்:
கருவூர்க்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பிடித்தவர் அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் டேனியல் கேலரி. குவாடல்கனால் என்ற சிறிய விமானந்தாங்கி, கூடவே ஐந்து துணைக் கப்பல்கள். 1944 ஏப்ரலில் இவர் அடித்த யூ-515 என்ற இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கி நீர்ப்பரப்புக்கு வந்து, அப்புறம் மூழ்கியது. அடுத்த முறை வந்தால் ஏறிப் பிடித்துவிடுவது என்று ஆட்களைத் தயார் செய்து வைத்தார்.

1944 ஜூன் 4, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அந்த வாய்ப்பு வந்தது. டெப்த் சார்ஜில் சுக்கான் சிக்கிக்கொள்ள, அப்போதைய கேப்டன் லாங்கே படகை மேலே கொண்டுவந்து, கைவிடச் சொன்னார். ஆளில்லாத படகு வட்டமடித்துக்கொண்டே இருந்தது. லெஃப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் தலைமையில் சிலர் அதில் குதித்து உள்ளே இறங்கினார்கள். படகு மூழ்கட்டும் என்று ஜெர்மானியர் கடல்நீர் வடிகட்டியின் மூடியைத் திறந்துவிட்டிருந்தார்கள், தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. லுகோசியஸ் என்ற மாலுமி மூடியைத் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டினார். வெடி எங்கே வைத்திருக்கிறார்களோ, எப்போது வெடிக்குமோ என்ற நிலையில் செய்த வேலை அது.

எனக்குப் பிடித்த ஆள் ட்ரோசினோ. முன்பு சரக்குக் கப்பலில் இன்ஜினியர், நம் ஜாதி! டீசல் இன்ஜினை மின்மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டு, குவாடல்கனாலைக் கொண்டு படகை வேகமாக இழுக்கச் சொன்னார். இழுக்க இழுக்க புரொப்பெல்லர் சுழன்று, மின்மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரி ஏறியது. அந்த மின்சாரத்தில் படகின் பம்புகளையே ஓட்டித் தண்ணீரை இறைத்தார். ஜூன் 19 அன்று பெர்முடா வந்து சேர்ந்தது.

குறியீட்டுப் புத்தகங்கள், சேதியைக் குறியீடாக மாற்றும் எனிக்மா இயந்திரம், ஒலியைத் தேடிப் போகும் டார்பிடோ எல்லாம் கிடைத்தன. சேதி வெளியே போனால் ஜெர்மானியர் குறியீட்டை மாற்றிவிடுவார்கள் என்று அமெரிக்கக் கடற்படைத் தலைவர் கிங், கேலரி மேல் கடுங்கோபம் கொண்டார். அதனால் கைதிகளை லூசியானா முகாமில் ஒளித்து வைத்தார்கள், செஞ்சிலுவைச் சங்கத்துக்குக்கூடச் சொல்லாமல். ஊரில் குடும்பங்கள் இவர்கள் செத்துவிட்டதாகவே நினைத்தன. அது கொடுமைதான்.

கருவூர்க்காரன்:
உள்ளே இருக்கும் சாமான்களைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். 1954-இல் சிகாகோ வரும்போது கழற்றக்கூடிய கருவிகள் கிட்டத்தட்ட எல்லாமே உருவப்பட்டிருந்தன. அருங்காட்சியகம் ஜெர்மன் கம்பெனிகளுக்கு எழுத, அவர்கள் காசு வாங்காமல் உதிரிபாகம் அனுப்பினார்கள்.

பழைய சீஃப்:
உள்ளே போகத் தனி டிக்கெட், முன்கூட்டியே எடுத்துவிடு தம்பி. இரண்டு டீசல்களுக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு நிமிடம் நின்று, கடல் ஆடும்போது அங்கே வேலை செய்வதை யோசித்துப் பார். படம் எடுத்தால் இங்கே போடு.